எல்லாமே மூலம் இல்லை: ஆசனவாய்ப் பிரச்சினைக்கு முதல்முறை வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆசனவாயில் வலி, இரத்தம், கட்டி, அரிப்பு என்று எது வந்தாலும் நாம் அதற்கு வைக்கும் ஒரே பெயர் மூலம். எனக்கும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். முதலில் பார்த்த மருத்துவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மூலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். உண்மையில் இருந்தது வெடிப்பு, அதாவது ஆசனவாய்த் தோலில் ஒரு கிழிசல். மூல மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வெடிப்பு எப்படி ஆறும்? அப்புறம் சரியான ஆளைத் தேடிப் பிடித்து, களிம்பு, காப்பீடு, அறுவை அரங்கு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், போகாமல் இருப்பதற்காகப் படிக்காதீர்கள்.

1. முதலில் பெயரைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

இதில்தான் பெரும்பாலானவர்களுக்கு நேரமும் பணமும் வீணாகிறது. வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற இரண்டையும் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வலியே இல்லாமல், மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் சொட்டினால் அது பெரும்பாலும் உள்மூலம். ஆசனவாய்க்குள் இரத்தக்குழாய்கள் நிறைந்த மென்மையான திசு எல்லோருக்கும் உண்டு. மலமும் காற்றும் கசியாமல் மூடி வைக்க உதவுவதே அதுதான். அது வீங்கிக் கீழே சரியும்போதுதான் அதை மூலம் என்கிறோம். உள்ளே இருக்கும் அந்தப் பகுதியில் வலி உணரும் நரம்புகள் இல்லை, அதனால்தான் வலிப்பதில்லை. மருத்துவர்கள் இதை 4 நிலையாகப் பிரிப்பார்கள். 1-இல் இரத்தம் வரும், வெளியே எதுவும் வராது. 2-இல் முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போய்விடும். 3-இல் விரலால் தள்ளினால்தான் போகும். 4-இல் தள்ளினாலும் போகாது. உங்கள் நிலை எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லா முடிவும் இதைப் பொறுத்துத்தான்.

மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கிழித்துக்கொண்டு வருவது போல வலித்து, அதன் பிறகும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை எரிச்சலும் இறுக்கமும் இருந்தால் அது வெடிப்பு, அதாவது ஃபிஷர். இரத்தம் கொஞ்சமாக, துடைக்கும்போது மட்டும் தெரியும். பெரும்பாலும் பின்பக்க நடுவில், முதுகெலும்பு முடியும் பக்கமாக வரும். சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முன்பக்க நடுவிலும் வரலாம். இடது வலது ஓரங்களில் வெடிப்பு இருந்தால் குரோன் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி), காசநோய் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் தேட வேண்டும். வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவது, அடக்கியதால் அது இறுகுவது, இறுகியதால் மறுபடி கிழிவது, இந்தச் சுழல்தான் வெடிப்பின் உயிர்நாடி. வலியில், ஆசனவாயை மூடி வைத்திருக்கும் உள்சுருக்குத் தசை இறுகிக்கொள்வதால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டமும் குறைந்து புண் ஆறாமல் நிற்கிறது. ஆறேழு வாரம் தாண்டினால் அது நாள்பட்டது. அதன் வெளி ஓரத்தில் ஒரு சின்னத் தோல் தொங்கும். அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூலம் என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம்.

நேற்று வரை ஒன்றுமில்லை, இன்று காலையில் ஆசனவாய் விளிம்பில் நீலம் பாய்ந்த, தொட்டாலே துடிக்க வைக்கும் உருண்டை என்றால் அது வெளிமூலத்தில் இரத்தம் உறைந்து நிற்பது. இதில் முதல் 2, 3 நாட்கள்தான் கடுமை. 72 மணி நேரத்துக்குள் போனால் மரத்துப்போக ஊசி போட்டு உருண்டையை வெட்டி எடுத்துவிடலாம், வலி சீக்கிரம் அடங்கும். அதற்குப் பிறகு போனால் பெரும்பாலும் தானே கரைய விட்டுவிடுவார்கள், ஏனென்றால் வலி அதற்குள் குறைய ஆரம்பித்திருக்கும், கட்டி சில வாரங்களில் சுருங்கும். நேரம் பார்த்துப் போக வேண்டிய விஷயம் இது.

மலம் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் நாள் முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும் வலி, உட்காரவே முடியாமை, காய்ச்சல், ஒரு பக்கமாக வீக்கம் இருந்தால் சீழ்க்கட்டி. ஒரு சின்னத் துளையிலிருந்து விட்டு விட்டுச் சீழோ ஈரமோ கசிந்து உள்ளாடையில் கறை படுகிறது, அடைபட்டால் வலிக்கிறது, உடைந்தால் நிம்மதி, மறுபடி அடைபடுகிறது என்றால் அது பவுத்திரம், அதாவது ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல் வரை உருவாகிவிட்ட ஒரு பாதை.

வெறும் அரிப்பு மட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை. அளவுக்கு மீறிச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதும், வாசனை சேர்த்த ஈரத் துடைப்பான்களும், ஈரத்தோடு விட்டுவிடுவதுமே பல நேரம் காரணம். இரவில் மட்டும் அரித்தால், அதுவும் வீட்டில் குழந்தைகள் இருந்தால், கீரிப்பூச்சியா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஒரே ஆளுக்கு மூலமும் வெடிப்பும் சேர்ந்து இருக்கலாம். அதனால் மேலே சொன்னதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம், மருத்துவரிடம் சரியாகச் சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. காத்திருக்கக் கூடாத சில நிலைகள்

சீழ்க்கட்டி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் சில மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, தொற்று தோலுக்கடியில் வேகமாகப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தம் நிற்காமல் கொட்டினாலும், மலம் கருஞ்சிவப்பாகவோ தார் நிறத்திலோ போனாலும், தலை சுற்றினாலும், வெளியே வந்த மூலம் உள்ளே போகாமல் கறுத்து வலித்தாலும் அவசரப் பிரிவுதான்.

அடுத்த வகை அவ்வளவு அவசரமில்லை, ஆனால் வாரக்கணக்கில் தள்ளக் கூடாது: இரத்தம் மலத்தோடு கலந்து வருவது, சில வாரங்களாக மலம் கழிக்கும் பழக்கமே மாறிப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிறது என்ற உணர்வு தீராதது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்தம் வந்தால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும், பெருங்குடலையும் பார்த்துவிடச் சொல்லலாம். அப்படிச் சொல்கிற மருத்துவர் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள். மூலம் இருப்பதாலேயே மேலே கட்டி இல்லை என்று ஆகிவிடாது.

3. மலத்தைச் சரிசெய்யுங்கள், இன்றைக்கே

மருத்துவரைப் பார்க்க நாள் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். மூலத்துக்கும் வெடிப்புக்கும் முதல் மருந்து மலம் மென்மையாக, உருவத்தோடு, முக்காமல் வருவதுதான். அறுவை சிகிச்சையே செய்துகொண்டாலும் இதைச் செய்யாவிட்டால் திரும்பி வரும்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். சாப்பாட்டிலேயே அவ்வளவு சேருவது கஷ்டம் என்றால் இசப்கோல் உமி நல்ல வழி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் நாளே நிறையப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், வயிறு உப்பி, இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அவை சரியாக உடலில் சேராது. இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும்.

ஏற்கெனவே கல்லாக இறுகிப்போயிருந்தால் நார்ச்சத்து மட்டும் போதாது. தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும் மருந்துகள், பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள், லாக்டுலோஸ் சிரப் போன்றவை, மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். லாக்டுலோஸ் சிலருக்கு வாயுவைக் கிளப்பும். ஒரே நாளில் குடலைக் கழுவிவிடுகிற பேதி மாத்திரைப் பக்கம் போகாதீர்கள்; தண்ணீராகப் போவதும் வெடிப்பைக் கிளறத்தான் செய்யும்.

கழிப்பறைப் பழக்கமும் மாற வேண்டும். உந்துதல் வந்தவுடன் போங்கள், வராதபோது போய் உட்காராதீர்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கைப்பேசி வெளியே இருக்கட்டும், அது கையில் இருந்தால் ஐந்து நிமிடம் அரை மணி நேரமாவது தெரியாது, அவ்வளவு நேரமும் அந்தத் திசு கீழே அழுந்திக்கொண்டிருக்கும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்னப் பலகை போட்டு முழங்கால் இடுப்பை விட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். மூச்சைப் பிடித்து முக்காதீர்கள்.

அப்புறம் வெந்நீர். ஒரு அகலத் தொட்டியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு, 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு 2, 3 தடவை உட்காருங்கள். அதில் ஒன்று மலம் கழித்த உடனே இருக்கட்டும். இறுகிய தசை தளரும், வெடிப்பு வலி அப்போதே குறைவது தெரியும். அதில் கிருமிநாசினி எதையும் ஊற்றத் தேவையில்லை, அது தோலை எரிக்கும். முடித்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மரத்துப்போன தோல் உள்ள சர்க்கரை நோயாளிகள் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. களிம்பு எதுவும் ஒன்றுபோல இல்லை

குழாயின் மேல் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கும், எதையும் ஆற்றாது. சிலருக்கு அதுவே ஒவ்வாமையாகி அரிப்பைக் கூட்டும். ஹைட்ரோகார்டிசோன் போன்ற ஸ்டீராய்டு உள்ளதை மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் போடக் கூடாது, தோல் மெலிந்துவிடும். மூலத்துக்குக் கொடுக்கும் டயோஸ்மின் வகை மாத்திரை இரத்தக் கசிவைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் வெடிப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. என் கதை அதுதானே.

வெடிப்புக்கான களிம்பு வேறு: டில்டியாசெம், நிஃபெடிபின் அல்லது நைட்ரோகிளிசரின். இவை சுருக்குத் தசையைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைக் கூட்டும். பட்டாணி அளவு எடுத்து விளிம்பில் தடவ வேண்டும், வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை, 6 முதல் 8 வாரம். வலி சில நாட்களிலேயே குறைந்துவிடும், உடனே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள், வலி போனால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. நைட்ரோகிளிசரின் பலருக்குத் தலைவலி தரும், தடவும்போது உட்கார்ந்தோ படுத்தோ இருங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நைட்ரோகிளிசரினைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கும். வெட்கப்பட்டு மருத்துவரிடம் மறைத்துவிடாதீர்கள்.

5. மருத்துவரைப் பார்க்கும் நாள்

குடல் மற்றும் மலக்குடல் அறுவை நிபுணர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பொது அறுவை சிகிச்சை மருத்துவர். இரத்தத்துக்குக் காரணம் தெரியவில்லை, வயிற்றுப் பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது என்றால் இரைப்பை குடல் மருத்துவர். பார்க்காமலே மூலம் என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து இருந்தால் அடிக்கோடிட்டு), ஒவ்வாமை விவரம், பழைய சீட்டுகள், முந்தைய இரத்தப் பரிசோதனை, முன்பு எடுத்த குடல் பரிசோதனை அறிக்கை, காப்பீட்டு அட்டை. இவற்றோடு ஒரு வாரத்துக்காவது எழுதி வைத்த ஒரு தாள்: எந்த நாள் போனது, இறுகலா இளக்கமா, இரத்தம் எவ்வளவு, வலி எத்தனை நேரம். இந்தத் தாளைக் கொடுத்தபோதுதான் எனக்கு மருத்துவர் நிமிர்ந்து பார்த்து மேற்கொண்டு கேள்வி கேட்டார். கட்டியோ வெளியே வரும் சதையோ வந்து வந்து மறைகிறது என்றால், வெளியே இருக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும், கூச்சமாக இருந்தாலும்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் போவதில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மார்புக்கு மடக்கச் சொல்வார்கள். இடுப்பு வரை துணியால் மூடுவார்கள். முதலில் வெளியே பார்ப்பார்கள், பிறகு கையுறையில் வழவழப்பான ஜெல் தடவி ஒரு விரல், பிறகு புரோக்டோஸ்கோப் என்ற சின்னக் குழாய். விரல் நுழையும் நேரத்தில் மலம் கழிப்பது போல லேசாக முக்கினால் தசை தளரும். மொத்தமும் சில நிமிடம்தான். மலம் போய்விடுமோ என்ற உணர்வு எல்லோருக்கும் வரும், போகாது. பெண்கள் துணைக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்று கேட்கலாம், ஆண்களும் கேட்கலாம். கடும் வெடிப்பு இருப்பவர்களுக்கு விரலே விட முடியாது. நிறுத்துங்கள் என்று சொன்னால் நிறுத்த வேண்டும். வெளியே பார்த்தே வெடிப்பைக் கண்டுபிடித்துவிட முடியும், உள்ளே பார்ப்பதை வலி அடங்கிய பிறகோ மயக்கம் கொடுத்தோ செய்துகொள்ளலாம்.

பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை (கொலனோஸ்கோபி) எடுக்கச் சொன்னால் அதற்கு முதல் நாள் முழுக்கக் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடித்துக் கழிப்பறையிலேயே இருக்க வேண்டிவரும், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிடுங்கள். அன்றைக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் கூட்டிப்போக ஒருவர் வேண்டும், நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

6. மூலம் என்று உறுதியானால்

1-ஆம் நிலையும் 2-ஆம் நிலையில் பெரும்பகுதியும் நார்ச்சத்திலும் பழக்க மாற்றத்திலும் அடங்கிவிடும். கர்ப்ப காலத்தில் வருவதும் அப்படித்தான், பிரசவம் முடிந்த பிறகு பெரும்பாலும் சுருங்கும், அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

அடங்காவிட்டால் அடுத்தது ரப்பர் வளையம் போடுவது, 2-ஆம் நிலைக்கும் சில 3-ஆம் நிலைக்கும். புறநோயாளியாகவே செய்வார்கள், மயக்கம் வேண்டாம். மூலத்தின் அடியில் வளையத்தை மாட்டிவிட்டால் இரத்தம் நின்று சுருங்கி, ஒரு வாரம், பத்து நாளில் தானே விழுந்துவிடும். அது விழும் சமயத்தில் இரத்தம் கொட்ட வாய்ப்பிருக்கிறது, அந்த நாட்களில் நீண்ட பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். போட்டவுடனே கூர்மையாக வலித்தால் அங்கேயே சொல்லுங்கள், வலி உணரும் பகுதியில் மாட்டியிருக்கும், கழற்றி மறுபடி போட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு வலி கூடிக்கொண்டே போய், காய்ச்சலும் சிறுநீர் கழிக்க முடியாமையும் சேர்ந்தால் உடனே மருத்துவமனை. அரிதாக வரும் கடுமையான தொற்று அது. ஒரு தடவையில் முடியாது, சில வாரங்கள் இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு முறை தேவைப்படலாம் என்று முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுச் சுருக்குவது, அகச்சிவப்புக் கதிரால் சுடுவது எல்லாம் சின்ன மூலங்களுக்கு.

பெரிய 3-ஆம் நிலை, 4-ஆம் நிலை, அல்லது வளையத்துக்கும் அடங்காதது என்றால் அறுவை சிகிச்சை. வெட்டி எடுப்பதில் வலி அதிகம், திரும்பி வருவது மிகக் குறைவு. சரிந்த திசுவைக் கருவியால் மேலே இழுத்துப் பொருத்தும் ஸ்டேப்ளர் முறையில் வலி குறைவு, திரும்பி வருவது வெட்டி எடுப்பதை விட அதிகம். லேசரும், மூலத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியைத் தேடிக் கட்டுவதும் வலி குறைவானவை, திரும்ப வரும் வாய்ப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலியே இல்லை, தழும்பே இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று விளம்பரம் பார்த்தால், எந்த நிலைக்கு அப்படி என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

7. வெடிப்பு என்றால்

புதிய வெடிப்பு பெரும்பாலும் மலத்தை இளக்கி வெந்நீரில் உட்கார்ந்தாலே ஆறும். நாள்பட்டதற்குக் களிம்பு. அதற்கும் ஆறாவிட்டால் சுருக்குத் தசையில் அதைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, அதன் பலன் சுமார் 3 மாதம் இருக்கும், அதற்குள் ஆறிவிட்டால் சரி. கடைசி வழி உள்சுருக்குத் தசையின் ஒரு சின்னப் பகுதியைப் பக்கவாட்டில் வெட்டுவது. இது 10 பேரில் 9 பேருக்கு மேல் ஆற்றிவிடுகிறது, வலி குறைவது அடுத்த ஓரிரு நாளிலேயே தெரியும். ஆனால் சிலருக்குக் காற்றையோ கசிவையோ அடக்கும் கட்டுப்பாடு கொஞ்சம் குறையலாம். சுகப்பிரசவத்தில் கிழிசல் ஏற்பட்ட பெண்கள், முன்பே ஆசனவாயில் அறுவை செய்துகொண்டவர்கள், வயதானவர்கள் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மயக்கம் கொடுத்து விரல்களால் ஆசனவாயை இழுத்து விரிக்கும் பழைய முறையை யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தசை எவ்வளவு கிழியும் என்று கட்டுப்படுத்த முடியாது என்பதால் கைவிடப்பட்ட முறை அது.

8. சீழ்க்கட்டியும் பவுத்திரமும்

சீழ்க்கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து அமுக்கப் பார்த்தால் அது உள்ளே பரவும். வீட்டில் கிள்ளி உடைக்க வேண்டாம். கீறிய பிறகு புண்ணைத் தைக்க மாட்டார்கள், உள்ளிருந்து ஆறட்டும் என்று திறந்தே விடுவார்கள், இதைப் பார்த்துப் பயந்து ஓடி வருகிறவர்கள் உண்டு. ஆறிய பிறகும் மூன்றில் ஒருவருக்காவது பவுத்திரம் வருகிறது, அது மருத்துவர் செய்த தவறில்லை. கட்டி எந்தச் சுரப்பியில் ஆரம்பித்ததோ அந்த வழி மூடாமல் நின்றுவிடுகிறது.

பவுத்திரம் மாத்திரையில் மூடாது. பாதை எங்கே போகிறது, சுருக்குத் தசையை எவ்வளவு கடக்கிறது என்பதுதான் முழு விஷயமும். சிக்கலானதாகத் தோன்றினாலோ முன்பே அறுவை செய்து திரும்பி வந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுக்காமல் மறுபடி மேசையில் ஏறாதீர்கள். மேலோட்டமான பாதையைப் பிளந்து திறந்துவிடலாம், நன்றாக ஆறும். தசையை அதிகம் கடந்தால் முதலில் அதன் வழியே சீட்டன் என்ற நூலைக் கோத்து விட்டு, சீழ் வடிந்து அடங்கிய பிறகு, வாரங்களோ மாதங்களோ கழித்து அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். நூலோடு வேலைக்குப் போகலாம், குளிக்கலாம், கசிவுக்கு ஒரு பஞ்சுத் துணி வைத்துக்கொண்டால் போதும். பொறுமை வேண்டிய வியாதி. ஒரே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள், அவசரத்தில் வெட்டிய தசையைத் திரும்ப ஒட்டுவது சுலபமில்லை.

9. பணமும் காகிதமும்

மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்வார்கள், அதில் எது சேர்த்தி என்று சொல்ல மாட்டார்கள். இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: மயக்க மருத்துவர் கட்டணம் உள்ளா வெளியா, ஸ்டேப்ளர் அல்லது லேசர் இழை தனி விலையா, முன்பரிசோதனைகள், ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் எவ்வளவு, பிறகு வந்து பார்க்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, திசுப் பரிசோதனை சேர்த்தியா. விலை உயர்ந்த கருவி என்றாலே நல்லது என்றில்லை, உங்கள் நிலைக்கு அது ஏன் என்று காரணம் வேண்டும்.

காப்பீடு வைத்திருக்கிறவர்கள் இரண்டை முதலில் பாருங்கள். பல திட்டங்களில் மூலம், வெடிப்பு, பவுத்திரத்துக்குக் காத்திருப்புக் காலம் போட்டிருப்பார்கள், அதற்குள் செய்தால் பணம் வராது. இரண்டாவது, காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் சிகிச்சையும் புறநோயாளியாகப் போடும் வளையமும் திட்டத்தில் உண்டா என்பது. திட்டமிட்ட அறுவை என்றால் முன் அனுமதி வாங்கிய பிறகே நாள் குறியுங்கள். நோய் எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவர் சீட்டில் எழுதுவதை அங்கேயே படித்துப் பாருங்கள். சில மாதமாக என்று நீங்கள் சொன்னது சில வருடமாக என்று பதிவாகிவிட்டால், பழைய நோய் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளுவார்கள். நான் பார்த்த ஒரு சீட்டில் அப்படித்தான் இருந்தது, திருத்தி வாங்க அலைய வேண்டியதாயிற்று. வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், வகைவாரியாகப் பிரித்த பில், மருந்து ரசீதுகள், பரிசோதனை அறிக்கைகளின் அசல், வேலைக்கு மருத்துவச் சான்று, இத்தனையும் வாங்கி ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. அறுவைக்கு முன்னும் பின்னும்

இரத்தம் உறையாமைக்கான மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். வீட்டில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை வெந்நீர்த் தொட்டி, மலமிளக்கி, பஞ்சுத் துணி, வலி மருந்து. அறுவை நாளன்று இரவு மருந்துக்கடை தேடி ஓட யாருக்கும் தெம்பிருக்காது.

முதல் நாள் சிலருக்குச் சிறுநீர் வராது. ஆறேழு மணி நேரமாக வரவில்லை, அடிவயிறு முட்டுகிறது என்றால் சொல்லிவிடுங்கள், ஒரு குழாய் வைத்து எடுத்துவிடுவார்கள். வலி மருந்தை வலி ஏறிய பிறகு போடாமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். ஓபியாய்டு என்ற வலுவான வலி மருந்து வகை மலத்தைக் கட்டும், அதைக் கொடுத்திருந்தால் கூடவே மலமிளக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் தடவை மலம் போவதுதான் எல்லோரும் பயப்படுவது. அடக்காதீர்கள். வலி மருந்து போட்டு அரை மணி நேரம் கழித்துப் போங்கள், பிறகு நேராக வெந்நீர்த் தொட்டிக்கு. கொஞ்சம் இரத்தம் படுவது சகஜம், கட்டி கட்டியாகவோ தொடர்ந்து சொட்டியோ போனால் போன் செய்யுங்கள்.

வளையம் போட்டால் மறுநாளே பலர் வேலைக்குப் போய்விடுவார்கள். வெடிப்புக்குச் செய்தால் சில நாள், மூலத்தை வெட்டி எடுத்தால் 2 முதல் 4 வாரம் ஒதுக்குங்கள், புண் முழுக்க ஆற ஆறு வாரம்கூட ஆகலாம். நடுவில் ஓட்டை போட்ட வளையத் தலையணையில் நீண்ட நேரம் உட்காராதீர்கள், அது கீழே அழுத்தத்தைக் கூட்டுகிறது. சாதாரண மெத்தைத் தலையணை போதும்.

வெட்டி எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அறிக்கை எந்தத் தேதியில் வரும், யாரிடம் வாங்க வேண்டும் என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அறிக்கை தயாராகி வரவேற்பறை அலமாரியிலேயே கிடந்தது, நானாகப் போய்க் கேட்கும் வரை யாரும் கூப்பிடவில்லை. கையில் வாங்கியதும் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று அவர் கையால் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.